ஆல் டைம் வெஸ்ட் இண்டீஸ் டீமுக்கு ஓப்பனர் எடுக்கறது எப்படி

ஆல் டைம் லெவன் போடறேன்னு உக்காந்தா எல்லாரும் முதல்ல எழுதறது ஓப்பனர் பேரைத்தான். வெஸ்ட் இண்டீஸ்னா இன்னும் ஈஸி, யோசிக்கவே மாட்டாங்க, க்ரீனிட்ஜ், ஹெய்ன்ஸ், அடுத்து யாருன்னு போயிட்டே இருப்பாங்க. அந்த ஜோடி தப்புன்னு நான் சொல்ல வரல. ஆனா அப்படி எழுதினா அது பழக்கத்துல எழுதினது, தேடி எடுத்தது இல்ல. உக்காந்து தேடிப் பாத்தா இந்த ஒரு இடத்துல மட்டும் ஒரு ராத்திரி முழுக்க சண்டை போடற அளவுக்கு விஷயம் இருக்கு.

முதல் வேலை, ஓப்பனர் இடத்தை காலியா விட்டுட்டு 3-ல இருந்து 6 வரைக்கும் எழுதுங்க. ஜார்ஜ் ஹெட்லி, விவ் ரிச்சர்ட்ஸ், பிரையன் லாரா, கேரி சோபர்ஸ். எவர்டன் வீக்ஸ் வேணும்னு ஒருத்தர் சொல்லுவார், வால்காட்டை கீப்பரா போட்டு உள்ள கொண்டு வரலாம்னு இன்னொருத்தர் சொல்லுவார், எப்படிப் போட்டாலும் சரி. அந்த நாலு பேரையும் ஒரு நிமிஷம் பாருங்க. ரன் அடிக்க ஆள் பத்தாதுன்னு யாராவது சொல்ல முடியுமா? ஹெட்லி ஆவரேஜ் 60.83, சோபர்ஸ் 57.78, லாரா 400 அடிச்ச ஆளு, ரிச்சர்ட்ஸ் பத்தி சொல்லவே வேணாம். இந்த டீமுக்கு ஓப்பனர்கிட்ட இருந்து வேண்டியது ரன் மட்டும் இல்ல, பின்னாடி வர்ற இந்த நாலு பேரும் பந்து பழசானப்புறம் இறங்கற மாதிரி பாத்துக்கற ஆள் வேணும். இதை மனசுல வெச்சுக்கிட்டுதான் பேர் தேடணும். நான் சொல்றது டெஸ்ட் டீம். ஒருநாள் டீம்னா கதையே வேற, அதைக் கடைசியில சொல்றேன்.

ரெண்டாவது, ஆவரேஜை வெச்சு வரிசை போட்டுடலாம்னு நினைக்காதீங்க. இந்த இடத்துல ஆவரேஜ் சுத்தமா வேலைக்கு ஆகாது, ஏன்னு பாருங்க. ஆலன் ரே 46.18, கான்ராட் ஹண்ட் 45.06, கார்டன் க்ரீனிட்ஜ் 44.72, ராய் ஃப்ரெடரிக்ஸ் 42.49, ஜெஃப் ஸ்டோல்மேயர் 42.33, டெஸ்மண்ட் ஹெய்ன்ஸ் 42.29, கிறிஸ் கெயில் 42.18. ஏழு பேர், முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் சரியா 4 ரன் வித்தியாசம். இதுல ரே ஆடினது 15 டெஸ்ட், ஹெய்ன்ஸ் ஆடினது 116. ரே மழைக்கு மூடி போடாத பிட்ச்ல ஹெல்மெட் இல்லாம ஆடினவர், கெயில் 2000-கள்ல பேட்டிங்குக்குன்னே போட்ட பிட்ச்ல நிறைய ஆடினவர். இந்த 4 ரன்னை வெச்சு ஒருத்தரை மேல ஒருத்தரை கீழன்னு சொன்னா அது சீட்டுக் குலுக்கிப் போடறதுக்கு சமம்தான்.

அப்ப எதைப் பாக்கறது? ஸ்கோர்கார்டைப் பாருங்க, தொகுத்த டேபிளை இல்ல, அந்தந்த மேட்ச்சோட முழு ஸ்கோர்கார்டை. அதுல ஓப்பனர் எவ்வளவு அடிச்சாருங்கறதோட டீம் எவ்வளவு அடிச்சதுங்கறதையும் சேர்த்துப் படிக்கணும், விக்கெட் எந்த ஸ்கோர்ல விழுந்ததுன்னு கீழ ஒரு வரி போட்டிருப்பாங்க பாருங்க, ஓப்பனரைப் பத்தின உண்மை அந்த வரியிலதான் இருக்கு. டீம் 500 அடிச்ச மேட்ச்ல ஓப்பனர் 100 அடிச்சா சந்தோஷம். டீம் 200-ல சுருண்ட மேட்ச்ல அவர் என்ன பண்ணார்ங்கறதுதான் கேள்வி.

எப்படிப் படிக்கறதுன்னு ஒண்ணு காட்டறேன். 1976, மான்செஸ்டர் ஓல்ட் டிராஃபோர்டு, இங்கிலாந்து கூட மூணாவது டெஸ்ட். வெஸ்ட் இண்டீஸ் முதல்ல பேட்டிங். மைக் செல்வின்னு ஒரு பையன், அன்னைக்குத்தான் முதல் டெஸ்ட், வந்த வேகத்துல ஃப்ரெடரிக்ஸ், ரிச்சர்ட்ஸ், காளிச்சரண் மூணு பேரையும் தூக்கிட்டான். 26 ரன்னுக்கு 4 விக்கெட். அந்த இன்னிங்ஸ்ல வெஸ்ட் இண்டீஸ் மொத்தம் 211, அதுல க்ரீனிட்ஜ் மட்டும் 134. மிச்சம் பத்து பேரும் எக்ஸ்ட்ராவும் சேர்ந்து 77. அடுத்து இங்கிலாந்து வந்து 71-க்கு ஆல் அவுட், அதுலயே தெரியும் பிட்ச் எப்படி இருந்துச்சுன்னு. ரெண்டாவது இன்னிங்ஸ்ல க்ரீனிட்ஜ் திரும்ப 101. இந்த ஒரு ஸ்கோர்கார்டு பத்து டேபிளுக்கு சமம். பந்து எழும்பி நெஞ்சுக்கு வர்ற பிட்ச்ல, மத்தவங்க எல்லாம் ஒதுங்கிட்டிருக்கறப்ப, ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளிய ஒரு இஞ்ச் இடம் கிடைச்சா பின்கால்ல எழும்பி ஸ்கொயர் கட். அந்த கட்தான் அவரோட கையெழுத்து.

அதனால முதல் இடத்துக்கு எனக்கு சந்தேகமே இல்ல, க்ரீனிட்ஜ். 108 டெஸ்ட், 7558 ரன், 19 செஞ்சுரி. அவரை ஏன் எடுக்கறோம்னா அவர் ரெண்டு பள்ளிக்கூடத்துல படிச்ச ஆள். பிறந்தது பார்படோஸ், பதின்வயசுலயே இங்கிலாந்துல ரெடிங்குக்குப் போயிட்டார், அப்புறம் ஹாம்ப்ஷயர் கவுண்டில பாரி ரிச்சர்ட்ஸ் கூட ஓப்பனிங். ஈரப் பிட்ச்ல பந்து ஆடறப்ப காலை எங்க வைக்கணும், எதை விடணும்ங்கறதை அங்க கத்துக்கிட்டார், அடிக்கற கை மட்டும் கரீபியன் கை. முதல் டெஸ்ட்டே நம்ம பக்கத்துல, 1974 பெங்களூர்ல. சின்னசாமி ஸ்டேடியத்துக்கும் அதுதான் முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸ்ல 93-ல ரன் அவுட், ரெண்டாவதுல 107. அதே மேட்ச்லதான் விவ் ரிச்சர்ட்ஸும் அறிமுகம், அவரை சந்திரசேகர் ரெண்டு தடவையும் சொற்ப ரன்ல அனுப்பிட்டார்ங்கறது தனிக் கதை. வேகப்பந்துல மட்டும் இல்ல, சந்திரசேகர், பிரசன்னா ஆடின காலத்துல இங்க வந்து முதல் மேட்ச்லயே செஞ்சுரி போட்ட ஓப்பனர்ங்கறது சும்மா இல்ல.

1984 லார்ட்ஸைப் பத்தி சொல்லாம விட்டா சண்டைக்கு வருவாங்க. கடைசி நாள் காலைல இங்கிலாந்து கேப்டன் டேவிட் கோவர் டிக்ளேர் பண்ணி 342 டார்கெட் வெச்சார். ஹெய்ன்ஸ் 17-ல ரன் அவுட். அதுக்கப்புறம் விக்கெட்டே விழல, க்ரீனிட்ஜ் 214 நாட் அவுட், லாரி கோம்ஸ் 92 நாட் அவுட், 9 விக்கெட்ல ஜெயிச்சாச்சு, அதுவும் டைம் மிச்சம் வெச்சு. அவர் நொண்டி நடந்தா பவுலர்களுக்கு பயம்னு அந்தக் காலத்துல ஒரு பேச்சு உண்டு, கால் வலியோட ஓட முடியாத அன்னைக்கு எல்லாத்தையும் பவுண்டரியிலயே முடிச்சுடுவார்னு. இது கொஞ்சம் மிகைதான், ஆனா கேக்க நல்லா இருக்கும்.

சரி, ஒரு முனை ஆச்சு. இப்பதான் நிஜமான வேலை. ரெண்டாவது ஆளை எடுக்கறது வரன் பாக்கற மாதிரி, ஜாதகம் தனியா அமோகமா இருந்தா பத்தாது, இன்னொரு ஜாதகத்தோட பொருத்தம் பாக்கணும். க்ரீனிட்ஜ் அடிக்கற ஆள், அவர் மூடுல இருந்தா எதிர்முனைல சும்மா நின்னா போதும், மூடு இல்லாத அன்னைக்கு எதிர்முனைல இருக்கறவர் நாள் முழுக்க நிக்கணும். இதுக்கு யார் பொருத்தம்?

ஹெய்ன்ஸ் பேரை முதல்ல எடுத்துக்கணும், அதுதான் நியாயம். ரெண்டு பேரும் சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 6482 ரன், 16 தடவை நூறு ரன் பார்ட்னர்ஷிப். 1990 ஆண்டிகுவால இங்கிலாந்து கூட 298, க்ரீனிட்ஜ் 149, ஹெய்ன்ஸ் 167. இவ்வளவு நாள் சேர்ந்து ஆடி நிரூபிச்ச ஜோடியைப் பிரிக்கறதுக்கு உங்ககிட்ட பலமான காரணம் இருக்கணும். ஹெய்ன்ஸ் சாதாரண ஆளும் இல்ல. 1980 டுனெடின்ல நியூசிலாந்து கூட நடந்த டெஸ்ட்டை எடுத்துப் பாருங்க, ஹாட்லி பந்தை ஆட்டி ஆட்டி எல்லார் காலையும் எல்பிடபிள்யூல பிடிச்சிட்டிருந்த மேட்ச். வெஸ்ட் இண்டீஸ் முதல் இன்னிங்ஸ்ல 140, ஹெய்ன்ஸ் 55. ரெண்டாவதுல 212, ஹெய்ன்ஸ் 105. ரெண்டு இன்னிங்ஸ்லயும் முதல் ஆளா இறங்கி கடைசி ஆளா அவுட் ஆனார். 1 விக்கெட்ல தோத்த மேட்ச் அது, ஹோல்டிங் கோவத்துல ஸ்டம்ப்பை உதைச்ச போட்டோ பாத்திருப்பீங்களே, அதே மேட்ச்தான். எல்லாரும் அந்த போட்டோவைத்தான் ஞாபகம் வெச்சிருக்காங்க, 24 வயசு கூட முழுசா ஆகாத ஒரு பையன் ஹாட்லிய ரெண்டு தடவை கடைசி வரைக்கும் தாங்கினதை யாரும் பேசறதில்ல. அது மட்டும் இல்ல, மத்தவங்க எல்லாம் அவுட் ஆகி தான் மட்டும் நாட் அவுட்டா நின்னது டெஸ்ட்ல மூணு தடவை: 1986 கராச்சில 88, 1991 ஓவல்ல 75, 1993 போர்ட் ஆஃப் ஸ்பெயின்ல 143.

இவ்வளவும் இருந்தும் நான் ஏன் தயங்கறேன்னா, ஹெய்ன்ஸோட கணக்கை சொந்த ஊர், வெளியூர்னு ரெண்டா வெட்டிப் பாருங்க. கரீபியன்ல 50-க்கு மேல, வெளிய போனா 30 சொச்சம். 116 டெஸ்ட் ஆடின ஒருத்தருக்கு இவ்வளவு பெரிய பள்ளம்னா அதைத் தாண்டி நடக்க முடியாது. கற்பனை டீம் எங்க ஆடும்னு யாருக்குத் தெரியும், அதனால வெளியூர் கணக்குக்குத்தான் நான் எடை கூட குடுப்பேன். இன்னொண்ணும் இருக்கு. ஹெய்ன்ஸ் அவுட் ஆனாலும் பரவாயில்லங்கற டீம்ல அவர் பெரும்பாலும் ஆடினார். பின்னாடி ரிச்சர்ட்ஸ், லாயிட், அப்புறம் ரிச்சர்ட்சன், அதுக்கும் பின்னாடி மார்ஷல், கார்னர், ஹோல்டிங். 180-க்கு சுருண்டாலும் எதிர் டீமை 120-க்கு சுருட்ட ஆள் இருந்துச்சு. இது அவர் குத்தம் இல்ல, ஆனா கணக்குல வரணும்.

ஒரு தெருவுல நாலு வெஸ்ட் இண்டீஸ்காரங்க சேர்ந்தா இந்தப் பேச்சு எப்படிப் போகும்னு நினைச்சுப் பாருங்க. வெஸ்ட் இண்டீஸ்ங்கறது ஒரு நாடு இல்ல, கடல்ல தூரம் தூரமா கிடக்கற தீவுகளும் தென் அமெரிக்கக் கரையில இருக்கற கயானாவும் கிரிக்கெட்டுக்காக மட்டும் ஒண்ணா நிக்கற ஏற்பாடு. அதனால அங்க செலக்‌ஷன்னாலே தீவுச் சண்டைதான். கயானாக்காரர் ஃப்ரெடரிக்ஸ்னு கத்துவார், ஜமைக்காக்காரர் கெயில் இல்லாத லிஸ்ட்டைக் கிழிச்சுப் போடுவார், டிரினிடாட்காரர் ஸ்டோல்மேயர்னு ஆரம்பிப்பார், பார்படோஸ்காரர் சிரிச்சுக்கிட்டே எங்க ஊர்லயே மூணு பேர் இருக்காங்க, நீங்க எந்த ரெண்டை வேணா எடுத்துக்கங்கம்பார். நமக்கு அந்தத் தீவுப் பாசம் இல்லாதது இந்த வேலைக்கு ஒரு வசதி.

ஃப்ரெடரிக்ஸை எடுத்துக்குவோம். இடது கை, சின்ன உருவம், ஹெல்மெட் கிடையாது. 1975 டிசம்பர், பெர்த், உலகத்துலயே வேகமான பிட்ச், எதிர்ல ஆஸ்திரேலியாவோட லில்லி, தாம்சன், கில்மர், வாக்கர். 145 பந்துல 169, அதுல நூறு வந்தது 71 பந்துல. ஹூக், கட், ஹூக், கட். வெஸ்ட் இண்டீஸ் 585 அடிச்சு இன்னிங்ஸ்ல ஜெயிச்சது. அந்த சீரிஸ்ல வேற எதையும் ஜெயிக்கல, 5-1னு உதை வாங்கிட்டு வந்தாங்க, ஆனா அந்த ஒரு இன்னிங்ஸ் நின்னுடுச்சு. இதோட இன்னொரு முகமும் உண்டு, அதே வருஷம் ஜூன்ல லார்ட்ஸ்ல உலகக் கோப்பை ஃபைனல், லில்லிய ஹூக் பண்ணி பந்து சிக்ஸுக்குப் போச்சு, கால் வழுக்கி ஸ்டம்ப் மேல பட்டு ஹிட் விக்கெட். 7 ரன். ஃப்ரெடரிக்ஸ்னா இந்த ரெண்டும் சேர்ந்துதான் வரும். 59 டெஸ்ட்ல 26 அரை சதம், 8 சதம், அதாவது ஐம்பதைத் தாண்டிட்டு நூறுக்கு முன்னாடியே போயிடற வழக்கம் ஜாஸ்தி.

க்ரீனிட்ஜ் கூட அவருக்குப் பொருத்தமும் நிரூபிச்ச பொருத்தம்தான், 1976 லீட்ஸ்ல ரெண்டு பேரும் செஞ்சுரி, முதல் விக்கெட்டுக்கு 192. அடுத்த டெஸ்ட் ஓவல்ல ரெண்டாவது இன்னிங்ஸ்ல விக்கெட் இழக்காம 182 அடிச்சு டிக்ளேர். இடது வலது காம்பினேஷன் வேற, பவுலருக்கு லைன் மாத்தி மாத்தியே தாவு தீர்ந்துடும். மனசு இந்தப் பக்கம்தான் சாயுது, சத்தியமா. ஆனா நாம முதல்ல காலியா விட்டு எழுதினதை ஞாபகப்படுத்திக்கங்க, பின்னாடி ரிச்சர்ட்ஸும் லாராவும் சோபர்ஸும் வெயிட்டிங். முதல் மணி நேரத்துலயே ரெண்டு பேரும் அடிக்கக் கிளம்பணும்னு இந்த டீமுக்கு என்ன அவசரம்?

கெயிலுக்கும் இதேதான் பதில், ஆனா அவரை கேலி பண்றவங்க கூட எனக்கு உடன்பாடு இல்ல. டி20 பாத்துட்டு அவரை எடை போடறாங்க. டெஸ்ட்ல ரெண்டு டிரிபிள் செஞ்சுரி, 2005-ல ஆண்டிகுவால தென்னாப்பிரிக்கா கூட 317, 2010-ல காலே மைதானத்துல இலங்கை கூட 333. 2009 அடிலெய்டுல ஆஸ்திரேலியா கூட ஓப்பனிங் இறங்கி 165 நாட் அவுட், மத்த எல்லாரும் அவுட். அவரால நிக்க முடியாதுன்னு சொல்றவங்க அந்த இன்னிங்ஸைப் பாக்கல. போதாத டீம்ல, வருஷத்துக்கு ஒரு பார்ட்னரோட 103 டெஸ்ட் ஆடினவர். நிக்கணும்னு நினைச்சா நிப்பார். தினமும் நினைப்பாராங்கறதுதான் சந்தேகம்.

ரே, ஸ்டோல்மேயர் ஜோடி நம்ம சேப்பாக்கத்துக்காரங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேண்டிய ஜோடி. 1949 ஜனவரி, மெட்ராஸ் டெஸ்ட், முதல் விக்கெட்டுக்கு 239 ரன், ரே 109, ஸ்டோல்மேயர் 160. அந்த மேட்ச்லதான் வீக்ஸ் 90-ல ரன் அவுட் ஆனார், அதுக்கு முன்னாடி அஞ்சு இன்னிங்ஸ்ல தொடர்ந்து அஞ்சு செஞ்சுரி அடிச்சிட்டு வந்திருந்தார், ஆறாவது நம்ம ஊர்ல போச்சு. இந்தியா இன்னிங்ஸ் தோல்வி. இந்த ரெண்டு பேரும் சேர்ந்து இறங்கினா முதல் விக்கெட்டுக்கு ஆவரேஜா 71, க்ரீனிட்ஜ்-ஹெய்ன்ஸுக்கு 47தான். ஜோடியா மட்டும் பாத்தா இவங்கதான் நம்பர் ஒண்ணு. ஆனா சேர்ந்து ஆடினது கொஞ்சம் டெஸ்ட், லிண்ட்வால், மில்லர் பவுன்சர் போட ஆரம்பிச்ச 1951-52 ஆஸ்திரேலியா டூர்ல ரே திணறினார், அப்புறம் சீக்கிரமே வக்கீல் தொழிலைப் பாக்கப் போயிட்டார். ஸ்டோல்மேயர் அங்க சிட்னில 104 அடிச்சார், தனியா பாத்தா அவர்தான் ரெண்டு பேர்ல உசத்தி. பின்னாடி ரெண்டு பேருமே ஒருத்தருக்கப்புறம் ஒருத்தரா வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட் போர்டு தலைவர் ஆனாங்க.

இங்க ஒரு எச்சரிக்கை, ஓப்பனர் இல்லாதவங்களை ஓப்பனர் ஆக்கற ஆசை எல்லாருக்கும் வரும். நல்ல பேட்ஸ்மேன் அதிகமா இருக்காங்க, இடம் இல்ல, அதனால ஹெட்லிய மேல தள்ளலாம், வொரல் 1957 ட்ரென்ட் பிரிட்ஜ்ல ஓப்பனிங் இறங்கி 191 நாட் அவுட் அடிச்சார்ல அவரைப் போடலாம், லாரன்ஸ் ரோ 302 அடிச்சது ஓப்பனராத்தானேன்னு ஆரம்பிக்கும். எல்லாம் உண்மைதான். ஆனா அவசரத்துக்கு இறங்கி ஒரு நாள் ஜொலிக்கறது வேற, ஒவ்வொரு தடவையும் நியூ பாலை எதிர்த்து நடந்து போறது வேற. ஃபீல்டிங் முடிச்சு வந்து பத்து நிமிஷத்துல பேட் கட்டி, சாயங்காலம் வெளிச்சம் மங்கறப்ப ஆறு ஓவர் ஆடிட்டு வரணும், அதுதான் ஓப்பனர் வேலை. அதைப் பாதிக்கு மேல கரியர்ல பண்ணாதவரை இந்த லிஸ்ட்லயே சேக்காதீங்க.

இப்ப ஹண்ட். கான்ராட் ஹண்ட் பேரை இப்ப இருக்கற பசங்க கேள்விப்பட்டிருக்கவே மாட்டாங்க. 1958 பிரிட்ஜ்டவுன்ல பாகிஸ்தான் கூட முதல் டெஸ்ட்ல 142. ரெண்டு மேட்ச் தள்ளி கிங்ஸ்டன்ல 260, எதிர்முனைல சோபர்ஸ் 365 நாட் அவுட், ரெண்டு பேரும் சேர்ந்து 446. அதுலயும் பாருங்க, 260 அடிச்சது தெரியாமப் போச்சு, ஏன்னா பக்கத்துல ஒருத்தர் உலக சாதனை பண்ணிட்டிருந்தார். ஹண்ட் வாழ்க்கையே அப்படித்தான். முதல் சீரிஸ்லயே 622 ரன், மூணு செஞ்சுரி, எல்லாம் தாராளமா ஷாட் ஆடி அடிச்சது.

அதுக்கப்புறம்தான் நமக்கு வேண்டிய விஷயம் நடந்துச்சு. டீம்ல கன்ஹாய், சோபர்ஸ், புட்சர்னு அடிக்கற ஆளுங்க நிறைஞ்சாங்க, எல்லாரும் அடிச்சா யார் நிக்கறதுன்னு ஆச்சு. ஹண்ட் தன்னோட ஷாட் எல்லாத்தையும் மடிச்சு உள்ள வெச்சுட்டு நிக்கற ஆளா மாறினார். கைல ஷாட் இருந்தும் டீமுக்காக ஆடாம விட்டது, ஷாட்டே இல்லாம நிக்கறதை விட நூறு மடங்கு கஷ்டம். 1963 இங்கிலாந்து டூர், எதிர்ல ட்ரூமேன், ஸ்டேதம். சீரிஸ் முதல் டெஸ்ட்ல ஓல்ட் டிராஃபோர்டுல 182, கடைசி டெஸ்ட்ல ஓவல்ல நாலாவது இன்னிங்ஸ்ல 253 துரத்தறப்ப 108 நாட் அவுட், சீரிஸ் கைக்கு வந்துச்சு. 1965-ல ஆஸ்திரேலியா வந்தப்ப அஞ்சு டெஸ்ட்ல 550 ரன், ஆனா ஒரு செஞ்சுரி கூட இல்ல. திரும்பத் திரும்ப அரை சதம், திரும்பத் திரும்ப புதுப் பந்தை தேய்ச்சுப் பழசாக்கிட்டு அடுத்தவங்க கைல குடுத்துட்டுப் போறது. எனக்கு அந்த 550, யாரோட ரெண்டு செஞ்சுரிய விடவும் பெருசு. அதே சீரிஸ்ல போர்ட் ஆஃப் ஸ்பெயின்ல டீம் மொத்தமும் அவுட் ஆகி இவர் மட்டும் 60 நாட் அவுட்.

இதுல முக்கியமானது என்னன்னா இவருக்கு நிலையான பார்ட்னரே அமையல. கன்ஹாய், ஹோல்ட், காமி ஸ்மித், மெக்மோரிஸ், கேரு, பிரையன் டேவிஸ், பைனோன்னு ஆள் மாறிக்கிட்டே இருந்துச்சு. ஹெய்ன்ஸுக்கு ஒரு முனைல க்ரீனிட்ஜ் இருந்தார், க்ரீனிட்ஜுக்கு ஃப்ரெடரிக்ஸ், அப்புறம் ஹெய்ன்ஸ். ஹண்டுக்கு எதிர்முனைல அடுத்த மேட்ச்ல யார் வருவாங்கன்னு தெரியாது, அப்படி இருந்தும் 44 டெஸ்ட், 3245 ரன், 8 செஞ்சுரி, ஆவரேஜ் 45. பார்ட்னர் பலம் இல்லாம நின்ன இந்த 45-ம் க்ரீனிட்ஜ் கூட நின்ன ஹெய்ன்ஸோட 42-ம் ஒண்ணு இல்லங்கறதுதான் என் வாதம். நம்ம கற்பனை டீமும் ஹண்ட் ஆடின அதே மாதிரி டீம், பின்னாடி பூரா ஷாட் அடிக்கற ஆளுங்க, அதுல சோபர்ஸ் அதே சோபர்ஸ்தான். இந்த வேலைய ஏற்கனவே பண்ணிக் காட்டினவர் இவர் ஒருத்தர்தான்.

ஃபீல்டிங்கையும் பாருங்க, இதைப் பலபேர் விட்டுடறாங்க. இந்த டீம்ல மார்ஷல், ஆம்ப்ரோஸ், ஹோல்டிங்னு போட்டா ஸ்லிப்புக்கு ஆள் வேணும், க்ரீனிட்ஜ், சோபர்ஸ், லாரா, ரிச்சர்ட்ஸ்னு அங்க ஹவுஸ்ஃபுல். பவுண்டரில நிக்க கை வேணும். 1960 பிரிஸ்பேன்ல ரெண்டு டீமும் சமமா முடிச்ச டை டெஸ்ட்ல கடைசி ஓவர்ல ஆஸ்திரேலியாக்காரங்க மூணாவது ரன் ஓடி ஜெயிச்சிடப் போனாங்க, பவுண்டரி கிட்ட இருந்து ஒருத்தர் எடுத்து எறிஞ்சார், பந்து நேரா கீப்பர் அலெக்ஸாண்டர் கைக்கு, க்ரௌட் ரன் அவுட். எறிஞ்சது ஹண்ட். எல்லாருக்கும் அதுக்கப்புறம் சாலமன் ஸ்டம்ப்பை அடிச்சு கடைசி ஆளை ரன் அவுட் ஆக்கினதுதான் தெரியும், இந்த த்ரோ இல்லன்னா அந்த பாலே போட்டிருக்க மாட்டாங்க.

ஆக என் ஜோடி க்ரீனிட்ஜ், ஹண்ட். ரிசர்வ் ஓப்பனர் ஹெய்ன்ஸ், அதுல மாத்தமில்ல. கரீபியன்லயே மேட்ச்னா ஹெய்ன்ஸை உள்ள கொண்டு வர நான் ரெடி, அங்க அவர் வேற ஆளு. பிட்ச் பெர்த் மாதிரி பறக்குதுன்னா ஃப்ரெடரிக்ஸை டூருக்குக் கூட்டிட்டுப் போங்க, ஆடாட்டியும் எதிர் டீம் பவுலருக்குத் தூக்கம் கெடும். ஒரே ஒரு பயம்தான், க்ரீனிட்ஜ் முதல் இன்னிங்ஸே 93-ல ரன் அவுட், ஹண்டோட 260-ம் ரன் அவுட்தான், இந்த ரெண்டு பேரும் பிட்ச் நடுவுல சந்திச்சுக்கிட்டா என்ன ஆகும்னு யோசிச்சுக்கங்க. சிங்கிளுக்கு யார் கூப்பிடறதுன்னு முதல்லயே பேசி வெச்சுடறது நல்லது.

ஒருநாள் டீம் சொல்றேன்னேன். அங்க இந்தக் கதை எதுவும் வேணாம், ஹெய்ன்ஸ் கண்ணை மூடிட்டு எழுதலாம், 1978-ல ஆண்டிகுவால முதல் மேட்ச்லயே ஆஸ்திரேலியா கூட 148 அடிச்சவர், மொத்தம் 17 செஞ்சுரி. கூட கெயில். க்ரீனிட்ஜை மூணாவதா இறக்கறதா இல்ல வெளிய வைக்கறதான்னு நீங்களே அடிச்சுக்கங்க, எனக்கு அங்க ரிச்சர்ட்ஸ் வேணும்.